கேட்காமல் சொன்னது

இருபத்து மூன்றாம் எண் பேட்டி பிரிஸ்கில்லாவின் மேசைக்கு வந்தது ஒரு புதன்கிழமை காலையில். ஐப்பசி மழை மூன்றாவது நாளாகப் பிடித்துக்கொண்டிருந்தது. உழவர்கரையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த மாடியறைதான் அவர்கள் அலுவலகம். ஜன்னல் வழியே சாரல் அடித்து, அச்செடுத்த தாள்களெல்லாம் நமுத்துப் போயிருந்தன. மார்க்கரால் கோடிழுத்தால் மஞ்சள் பின்பக்கம் வரைக்கும் ஊறியது. அவள் தாள்களை மின்விசிறிக்குக் கீழே ஒவ்வொன்றாகப் பரப்பி, மேலே பேனாவையும் பஞ்சிங் மிஷினையும் பாரமாக வைத்துவிட்டுத்தான் படிக்க உட்கார்ந்தாள்.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதுதான் ஆய்வு. நடத்துகிறவள் நூரீன், இருபத்தெட்டு வயது. களத்துக்குப் போகிற இரண்டு பெண்கள் வீடு வீடாகப் பேசிப் பதிவுசெய்து வருவார்கள். மொத்தம் முப்பத்திரண்டு பேட்டிகள். அவற்றைக் கேட்டு ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்யத்தான் பிரிஸ்கில்லாவை முதலில் எடுத்தார்கள். அவளுக்கு முப்பத்தொன்பது வயது. பதினோரு வருஷம் டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியும் அடித்த கை. தன் புருஷன் ஜோசப் ஆனந்தின் கண்ணீர் அஞ்சலியையும் அந்தக் கையால்தான் அடித்தாள். பிறந்த தேதியில் ஒரு எண் தப்பாகி, ஒட்டிய பிறகு பார்த்து, யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு மாதம் தட்டச்சு செய்தபின், அந்த வேலையை வெளியே கொடுத்துவிட்டு, நூரீன்தான் அவளுக்கு இதை ஆரம்பித்துவைத்தாள். வரி வரியாகப் படித்து, இந்த வரியில் இந்த மனுஷி எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று ஓரத்தில் இரண்டு மூன்று சொற்களில் எழுத வேண்டும். அதற்குக் கோடிங் என்று பெயர். அவர்கள் தங்களுக்குள் குறி போடுவது என்றார்கள். ஒரே மாதிரி குறிகளைச் சேர்த்துச் சேர்த்து, கடைசியில் முப்பத்திரண்டு வீடுகளும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று பார்ப்பது. கேட்கச் சுலபமாக இருந்தது. முதல் வாரம் பிரிஸ்கில்லா எழுதிய குறிகளில் பாதி 'பாவம்' என்றும் மீதி 'கடவுள் விட்ட வழி' என்றும் இருந்தன.

பிரேம்குமார் அதைச் சத்தம் போட்டுப் படித்துச் சிரித்தான். சமூகவியல் எம்.ஏ. முடித்துவிட்டு இவளோடு சேர்ந்து குறி போடுகிறவன். "அக்கா, நீங்க போட்டிருக்கறது குறி இல்ல, ஜெபம்" என்றான்.

நூரீன் சிரிக்கவில்லை. "பாவம்னு தோணறது உங்க மனசு அக்கா. அது அவங்க பேசுனது இல்ல. அவங்க என்னா சொல்றாங்க, அத மட்டும் எழுதுங்க" என்றாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்று பார். கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே வரவில்லை என்று பார். முக்கியமாக, யாரும் கேட்காமலேயே ஒருவர் ஒன்றைச் சொன்னால், அங்கே நின்று பார்.

பிரிஸ்கில்லாவுக்கு அது மெல்லப் பிடிபட்டது. மூன்றாம் மாதத்தில், பிரேம்குமார் தவறவிட்டதை அவள் பிடிக்க ஆரம்பித்தாள். வீட்டில் அவள் மாமியார் ரோசாவுக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. மருமகள் கம்ப்யூட்டர் கோடிங் படிக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள். அடுத்த வீட்டு ஆதிலட்சுமி, அப்படியானால் அமெரிக்கா அனுப்பிவிடுவார்களா, உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நிஜமாகவே கவலைப்பட்டாள். அந்த வீட்டில் இப்போது மாமியாரும் மருமகளும் மட்டுந்தான். பிள்ளை கிடையாது. வீடு ரோசா பெயரில் இருந்தது.

குறி போடுகிறவர்களுக்கு நூரீன் ஒரு விதி வைத்திருந்தாள். பேட்டிகளில் பெயர் எடுக்கப்பட்டுவிடும், எண் மட்டுந்தான் இருக்கும். அப்படியிருந்தும் பேசுகிறவர் யாரென்று தெரிந்துவிட்டால், அந்த இடத்திலேயே தாளைக் கவிழ்த்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மேற்கொண்டு ஒரு வரி படிக்கக்கூடாது. பிரிஸ்கில்லாவை வேலைக்கு எடுக்கும்போதே அவள் புருஷனும் இரண்டு வருஷம் டயாலிசிஸில் இருந்து போனவன் என்று நூரீனுக்குத் தெரியும். உங்கள் வீட்டை நாங்கள் தொடமாட்டோம் என்று அப்போதே சொல்லியிருந்தாள்.

இருபத்து மூன்றின் முதல் தாளில் எதுவும் தெரியவில்லை. பெண், அறுபத்தாறு, நோயாளிக்குத் தாய், ஒரு வீட்டில் சமையல் வேலை. பேட்டி எடுத்தது அன்பியக் கூட்டம் முடிந்தபின் ஒரு வீட்டில். கிறிஸ்தவக் குடும்பங்கள் தெருவுக்குத் தெரு கூடிச் செபிக்கிற கூட்டம் அது. இந்த ஊரில் அப்படி நூறு அன்பியம் இருக்கும்.

இரண்டாம் தாளில், தண்ணீர் குடிக்கக் கட்டுப்பாடு இருந்ததா என்ற கேள்விக்குப் பதில் இப்படி இருந்தது:

"ஒரு நாளைக்கு முக்கா லிட்டருதான்னு சொல்லிட்டாங்க. வேளாங்கண்ணி மாதா உருவத்துல நீல பாட்டில் விப்பாங்க இல்ல, தீர்த்தம் கொண்டார. அதுல மூணு ரொப்பி காலையிலயே அவன் தலமாட்டுல வெச்சிடுவேன். மாதாவப் பாத்துக்கினு குடிச்சா நாக்கு சொன்னபடி கேக்கும்னுதான்."

பிரிஸ்கில்லா தாளைக் கவிழ்த்தாள்.

கவிழ்த்த கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள். பின்னால் பிரேம்குமார் யாரிடமோ போனில் டீ சொல்லிக்கொண்டிருந்தான். நூரீன் வெளியே போயிருந்தாள். நீல பாட்டில்கள் மூன்றும் இன்னும் வீட்டுப் பரணில் இருக்கின்றன. ரோசா பேட்டி கொடுத்ததை வீட்டில் மூச்சுவிடவில்லை. ஏன் விடவில்லை?

புருஷனின் கடைசி வாரத்தைப் பற்றி மாமியாருக்கு என்ன தெரியும் என்று மூன்று வருஷமாக அவள் தினம் ஒருமுறையாவது யோசித்திருக்கிறாள். ரோசா பாத்திரத்தைக் கொஞ்சம் வேகமாகக் கீழே வைத்தால், சாப்பிட்டாயா என்று கேட்க மறந்தால், தெரிந்துவிட்டதோ என்று நினைப்பாள். இப்போது அந்தப் பதில் அவள் உள்ளங்கைக்குக் கீழே பதினான்கு தாள்களாக இருந்தது.

நடந்தது இதுதான். ஜோசப் ஆனந்த் தட்டாஞ்சாவடி எஸ்டேட்டில் லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தவன். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம் இயந்திரத்தில் படுக்க வேண்டும். இரண்டு வருஷம் படுத்தான். அப்புறம் ஒரு புதன்கிழமை, இனிமேல் தன்னால் முடியாது என்றான். அழவில்லை, கத்தவில்லை. பட்டறையில் ஒரு வேலையை முடித்துவிட்டுக் கையைத் துடைப்பவன் மாதிரிச் சொன்னான். பிரிஸ்கில்லா அந்த ராத்திரி முழுக்க மன்றாடினாள். விடிந்ததும் எப்போதும்போல அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனார்கள். படகு நிழலில் நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ஊசி ஏற்றினால் ஒட்டுகிற மாதிரியே அவன் கையில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டி, வழக்கமான நேரத்துக்கு வீடு வந்தார்கள். அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று அவன் சத்தியம் வாங்கியிருந்தான். சனிக்கிழமையும் அப்படியே. திங்கள் விடிகாலையில் மூச்சு முட்டி அவன் போய்விட்டான்.

டீ வந்தது. அவள் குடிக்கவில்லை. தாளைத் திருப்பினாள்.

ரோசாவின் பேச்சு எழுத்தில் வேறு மாதிரி இருந்தது. உருளைக்கிழங்கை மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்தது, எஜமானி மதாம் வீட்டில் சமையல் முடித்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தது, மகன் ஒருநாள் ஊறுகாய்க்காகக் குழந்தை மாதிரி அடம்பிடித்தது. எல்லாவற்றுக்கும் பிரிஸ்கில்லாவின் கை தானாகக் குறி போட்டது. உணவுக் கட்டுப்பாடு. வேலையும் பராமரிப்பும். கோபம். கை பழகிவிட்டிருந்தது. கண்தான் அடுத்த வரிக்கு அடுத்த வரியைத் தேடிப் பதறியது.

ஐந்தாம் தாளில் பேட்டியெடுத்த பெண், வீட்டில் வேறு யார் உதவினார்கள் என்று கேட்டிருந்தாள். "எம் மருமவதான். ஒரு மொற தவறல. மழையா இருந்தாலும் கூட்டிக்கினு பூடுவா" என்றிருந்தாள் ரோசா. எட்டாம் தாளில் பேச்சு செலவைப் பற்றி. நடுவில், "ஆனா ஒரு மொறகூட தவறலம்மா" என்றிருந்தது. பத்தாம் தாளில் தூக்கத்தைப் பற்றி. அங்கேயும் அதே வரி. பதிமூன்றில் கடைசி நாட்களைப் பற்றிக் கேட்கும்போது இன்னும் தெளிவாக இருந்தது: "கடேசி வாரமும் மூணு நாளும் போனான். செவ்வா, வியாயன், சனி. மருமவ கூடவே இருந்தா. அத எழுதிக்கோ."

மற்றவர்கள் யாரும் எழுதிக்கோ என்று சொன்னதில்லை.

பிரிஸ்கில்லாவுக்கு முதலில் மூச்சு வந்தது. தெரியாது, மாமியாருக்குத் தெரியாது. அந்த நிம்மதி அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. கேட்காமல் நாலு முறை. அடுத்தவர் பேட்டியாக இருந்திருந்தால், அந்த நாலு இடத்திலும் அவள் சிவப்பு மார்க்கரை எடுத்திருப்பாள்.

பன்னிரண்டாம் தாளுக்குத் திரும்பினாள். அவசரத்தில் மேய்ந்துவிட்டுப் போன தாள். அதில் ரோசா சாயங்காலங்களைப் பற்றிச் சொல்லியிருந்தாள். "அவ கட தொறக்கப் போயிருவா. ஊசி போட்ட எடத்துல பஞ்சு ரத்தத்தோட காஞ்சி ஒட்டிக்கினு இருக்கும். பிச்சா மயிரோட வரும். தேங்கா எண்ண தடவி நாந்தான் மெதுவாப் பிரிப்பேன். எல்லா நாளும் நாந்தான் பிரிச்சேன்."

அவனே பிரித்துப் போட்டுக்கொள்வான் என்று இத்தனை நாளும் பிரிஸ்கில்லா நினைத்திருந்தாள். எல்லா நாளும் என்றால் அந்த இரண்டு நாளும். கடற்கரையில் உட்கார்ந்து அவள் ஒட்டிய பஞ்சில் ரத்தம் இல்லை.

அவள் தாள்களை அடுக்கி, கிளிப் போட்டு, பைக்குள் வைத்தாள். மறுபடி வெளியே எடுத்து மேசையில் வைத்தாள். நூரீன் வந்தபோது சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அன்று வீட்டுக்குப் போய் ரோசா போட்ட சோற்றைச் சாப்பிட்டாள். தலைவலி என்று சொல்லிச் சீக்கிரம் படுத்தாள். ரோசா தைலத்தைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் குறிகளை ஒப்பிட்டுப் பார்க்கிற நாள். ஒரே பேட்டிக்கு இருவரும் தனித்தனியாகக் குறி போட்டிருப்பார்கள். மூன்று பேரும் உட்கார்ந்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இடிக்கிறது என்று பார்ப்பார்கள். மற்ற வாரங்களில் பிரிஸ்கில்லாவுக்கு இது பிடித்த வேலை. பிரேம்குமாரோடு சண்டை போடலாம்.

இருபத்து மூன்றை எடுத்ததும் பிரேம்குமார் உற்சாகமாகிவிட்டான். அவன் ஐந்தாம் தாளில் 'சிகிச்சை தவறாமை' என்று குறி போட்டிருந்தான், எட்டில் அதே குறி, பத்தில் ஒரு கேள்விக்குறி. பதிமூன்றில் குறியை அடித்துவிட்டு, 'ஏன் இவ்வளவு அழுத்தம்?' என்று எழுதியிருந்தான்.

"இந்தம்மா என்னமோ மூடுறாங்க" என்றான். "யாரும் கேக்கல. நாலு வாட்டி சொல்றாங்க. தவறியிருக்கு, கண்டிப்பா. மருமவளக் காப்பாத்துறாங்களா, இல்ல மருமவளப் பாத்து பயமா? பயமாதான் இருக்கும்னு நெனைக்கிறேன். வயசான பொம்பள, அவ கையிலதான் சோறு."

நூரீன் பதிமூன்றாம் தாளை எடுத்துக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் படித்தாள். பேட்டியெடுத்த பெண்களை மறுபடி ஒருமுறை அனுப்பலாமா, கடைசி வாரத்தைப் பற்றி மட்டும் கேட்டுவரச் சொல்லலாமா என்று யோசித்தாள். பன்னிரண்டில் பஞ்சைப் பற்றி ஒரு இடம் வருகிறதே, அதற்கு அக்கா என்ன குறி போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

பிரிஸ்கில்லாவின் தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

இரண்டு பேரும் ரோசாவின் வாயைக் கையால் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல அவளுக்கு இருந்தது. இத்தனை மாதமாக மற்றவர்களின் வாயை அவளும் அப்படித்தான் திறந்திருக்கிறாள்.

"யாரையும் அனுப்பாத நூரீனு" என்றாள். "இது எங்க அத்த."

பிரேம்குமார் கையிலிருந்த மார்க்கருக்கு மூடி போட்டான். போட்டுவிட்டு, "சாரிக்கா" என்றான். எழுந்து வெளியே போய்விட்டான்.

நூரீன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"எந்தத் தாள்ல தெரிஞ்சிதுக்கா?"

"ரெண்டாவதுல."

"அப்பறமும் படிச்சீங்க."

"முழுசும் படிச்சேன்."

நூரீன் தாளைக் கவிழ்த்து வைத்தாள். தவறு தன்னுடையதும்தான், பேட்டி எடுத்த இடமும் பிரிஸ்கில்லாவின் வீடும் ஒரே அன்பியம் என்று பார்த்திருக்க வேண்டும் என்றாள். பிறகு, நீங்கள் விஷயம் என்ன என்று என்னிடம் சொல்ல வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன் என்றாள். ஆனால் ஒன்று செய்தாக வேண்டும். யாருக்கும் தெரியாது என்று சொல்லி வாங்கியது, தெரிந்தவர் கைக்குப் போய்விட்டது. அதைப் பேசியவரிடம் சொல்லியே தீரவேண்டும். பேட்டியை வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று அவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

"நாளைக்குக் காலையில நான் வீட்டுக்கு வரேன். அதுக்கு முன்னாடி நீங்க சொல்லிடறதுன்னா சொல்லிடுங்க. எங்கிட்டேருந்து அவங்க கேக்க வேணாம்னு எனக்குத் தோணுது."

அன்று நாலு மணிக்கே பிரிஸ்கில்லாவை அனுப்பிவிட்டாள். இந்திரா காந்தி சிலை வரைக்கும் முழங்கால் தண்ணீர். பஸ் ஊர்ந்தது. சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை அவள் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தாள். சொன்னபின் அந்த வீட்டில் தனக்கு இடம் இருக்குமா என்று தெரியவில்லை. அண்ணன் வீட்டில் ஒரு கூடத்து மூலை உண்டு. அதற்குக் கொண்டுபோக என்னென்ன இருக்கிறது என்றுகூடக் கணக்குப் போட்டுவிட்டாள். தையல் மிஷின் ரோசாவுடையது.

ரோசா பின்கட்டில் முறத்தில் நெத்திலியைக் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். மழைக்குப் படகு போகவில்லை, இது நேற்றைய மீன், அப்படியும் விலை குறைக்க மாட்டேன் என்கிறாள் என்று மீன்காரியைத் திட்டினாள். சீக்கிரம் வந்துவிட்டாயே என்றாள். பிரிஸ்கில்லா எதிரில் குந்தி, தானும் ஒரு கை மீனை அள்ளிக்கொண்டாள்.

"அத்த, அன்பியத்துல ஒரு பேட்டி குடுத்தீங்களா?"

"குடுத்தேன். ரெண்டு பொண்ணுங்க வந்துதுங்க. பேரு வராதுன்னாங்களே. வந்துடுச்சா?"

"பேரு வரல. என் கைக்கு வந்துடுச்சி. நீங்கதான்னு தெரிஞ்சும் படிச்சிட்டேன். வேணாம்னு சொன்னீங்கன்னா கிழிச்சிடுவாங்க. நூரீனு நாளைக்கு வந்து கேக்கும்."

ரோசா தலை கிள்ளிய மீனைச் சட்டியில் போட்டாள். "ஒன்னப் பத்தி நான் கொறச்சலா ஒண்ணும் சொல்லலியே."

"கொறச்சலா சொல்லல. அந்தக் கடேசி ரெண்டு நாளு அவர நான் கூட்டிக்கினு போவல அத்த. ஆஸ்பத்திரிக்கு."

"பஞ்சு வெள்ளையா இருந்துது" என்றாள் ரோசா.

பிரிஸ்கில்லா தலையைத் தூக்கவில்லை. ரோசா இன்னொரு மீனை எடுத்தாள்.

"எண்ணயே தேவப்படல. கையோட வந்துடுச்சி. அவன் எம் மூஞ்சப் பாத்தான். நான் பஞ்ச சுருட்டி இடுப்புல சொருவிக்கினேன். அவனும் கேக்கல, நானும் கேக்கல. சனிக்கெழமயும் அப்புடித்தான்."

"அப்பறம் ஏன் அத்த அப்புடி சொன்னீங்க?"

"பத்து பேரு சுத்தி உக்காந்துக்கினு இருந்தாளுங்க. பெத்தவ வாயாலயே எம்புள்ள போதும்னு எழுந்து பூட்டான்னு சொல்லணுமா? நாளைக்குக் கோயில்ல என்னா பேசுவாளுங்க? ஒன்ன என்னா பேசுவாளுங்க?"

"எம்மேல உங்களுக்குக் கோவமே இல்லியா?"

"இல்லாம?"

ரோசாவின் கை நின்றது. மூன்று வருஷமாகப் பிரிஸ்கில்லா பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். இனி எதுவானாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று உட்கார்ந்திருந்தாள்.

"நிறுத்துனதுக்கு இல்ல" என்றாள் ரோசா. "அந்தக் கைய ரெண்டு வருசம் தொட்டுப் பாத்தவ நானு. தென்ன மட்ட மாதிரி இருந்துது. போதும்னு அவன் சொல்லாங்காட்டி நானே சொல்லியிருப்பேன். எங்க போனீங்க?"

"வைத்திக்குப்பம்."

"ரெண்டு நாளுமா?"

"ரெண்டு நாளும். படகாண்ட உக்காந்திருந்தோம்."

"பேசிக்கினு இருந்தானா?"

"பேசுனாரு. நெறயா பேசுனாரு. அந்த அளவுக்கு அவர் பேசி நான் கேட்டதே இல்ல."

ரோசா முறத்தைத் தள்ளி வைத்தாள். செதில் ஒட்டிய கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, பிரிஸ்கில்லாவைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

"எட்டு மணி நேரம். எம்புள்ள கடேசியா வாயத் தொறந்து பேசுன எட்டு மணி நேரம். நான் மதாம் வூட்ல காய் அரிஞ்சிக்கினு இருந்தேன். ஆட்டோவுல மூணு பேரு உக்காரலாமேடி."

அவன் வாங்கிய சத்தியத்தைச் சொல்லலாம். அவன்தான் கேட்டான் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த விடிகாலையில், வாசலில் நின்று டாட்டா காட்டிய இந்த மனுஷியையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு கணம்கூடத் தனக்குத் தோன்றவில்லை என்பது அதைவிடப் பெரிய உண்மையாக இருந்தது.

"தோணல அத்த" என்றாள்.

தூறல் தகரத்தில் விழுந்து நின்றது, மறுபடி விழுந்தது. பூனை ஒன்று வந்து சட்டியை மோந்தது. ரோசா அதை விரட்டவில்லை. வெகுநேரம் கழித்து, வாளித் தண்ணீரில் இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு, பலகையை இழுத்துப் போட்டுப் பிரிஸ்கில்லாவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றாள். "எறங்குன எடத்துலேருந்து சொல்லு. மொதல்ல என்னா பேசுனான்?"